பொற்றலைக் கையாந்தகரை: எங்கட கிணத்தடியில 16 மாசம்

2024 மாசி மாசம் ஒரு பின்னேரம் அம்மம்மாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கேக்க அவ கேட்டா, "பிள்ளை, உந்தக் கடை எண்ணெய் ஒண்டும் எனக்குச் சரிவரேல்ல, பொற்றலைக் கையாந்தகரை கொஞ்சம் எங்கயாவது எடுக்கேலுமே?" எண்டு. அவவுக்கு 84 வயசு, கண் ரெண்டிலயும் வெண்புரை முத்தி ஆக்களையே குரலை வைச்சுத்தான் பிடிப்பா, லேசில ஒண்டும் வாய் திறந்து கேக்கிற ஆளும் இல்லை, அதால கேட்ட உடனயே எனக்கு இதை எப்பிடியும் வளர்த்துக் குடுக்கோணும் எண்டு வந்திட்டுது. முந்தி எங்கட வளவில கிணத்தடி வாய்க்கால் போய் முடியிற இடத்தில வாழைக்குக் கீழ அது படர்ந்து கிடந்ததாம், 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து பாக்கேக்க வாழையும் இல்லை அதுவும் இல்லை.

பேரைக் கேட்டு யோசிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், பொன் தலை எண்டதுதான் பொற்றலை. கையாந்தகரை எண்டு நாங்கள் சொல்லுறதைத்தான் தமிழ்நாட்டில கரிசலாங்கண்ணி, கரிசாலை எண்டு சொல்லுறவை. அதில வெள்ளைப் பூ பூக்கிறது ஒண்டு, மஞ்சள் பூ பூக்கிறது ஒண்டு, அந்த மஞ்சள்தான் பொற்றலை. வடலூர் வள்ளலார் கீரைகளுக்குள்ள பெரிசாத் தூக்கி வைச்சுச் சொன்னதும் இந்தக் கரிசலாங்கண்ணியைத்தான்.

வெள்ளை எங்கட ஊரில தேடத் தேவையில்லை. மாரி மழை விட்ட கையோட கிணத்தடி, வயல் வரம்பு, வழுக்கையாத்துப் பக்கம் எல்லாம் தானா முளைச்சு நிக்கும், சட்டைப் பொத்தான் அளவு சின்ன வெள்ளைப் பூ, தண்டை முறிச்சுக் கையில தேய்ச்சால் கொஞ்ச நேரத்தில கறுத்து வரும். அந்தக் கறுப்பை வைச்சே அதை நிச்சயப்படுத்தலாம். மஞ்சள் அப்பிடி இல்லை, அது ஈரம் கூடின பக்கத்துச் செடி, எங்கட வறண்ட பக்கம் ஆராவது வைச்சு வளர்த்தால்தான் உண்டு. அதால நான் கண்டு விக்கிற இடங்களில விசாரிக்கத் தொடங்கினன்.

ரெண்டு கிழமைக்குள்ள ஒரு இடத்தில கிடைச்சிட்டுது. கறுப்புப் பையில, மட்டையில "மஞ்சள் கரிசலாங்கண்ணி" எண்டு எழுதிக் குத்தி, 150 ரூபா. பூவும் ரெண்டு இருந்தது, நல்ல பளிச்செண்ட மஞ்சள். வேற என்ன வேணும், ரெண்டு பை வேண்டிக்கொண்டு வந்து வாழைப் பாத்தி ஓரத்தில, அம்மம்மா சொன்ன அதே இடத்தில வைச்சனான். மாட்டெரு போட்டன், மோட்டர் போடுற நேரம் எல்லாம் வாய்க்கால் தண்ணி அதுக்குப் போகும். அது வளர்ந்த வேகம் இருக்கே, சித்திரை வருசப்பிறப்புக்கு வாழைப் பாத்தியை மூடிட்டுது, வைகாசி முடியேக்க வாய்க்கால் நீளத்துக்கும் போய் மதிலடியில ஏறத் தொடங்கினது. சில கொடி ரெண்டு மீற்றருக்கு மேல. வெயிலோ வெக்கையோ ஒண்டும் பாக்கேல்ல, ஒவ்வொரு நாளும் பூ. எனக்குச் சரியான புளுகம், வாற போற சனத்துக்கு எல்லாம் காட்டினன், பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு கொடியும் முறிச்சுக் குடுத்தன் (அதைப் பிறகு போய்ப் பிடுங்க வேண்டி வந்தது).

ஆனி மாசம் முதல் கிழமை, சரி இண்டைக்கு வறை வறுப்பம், மிச்சத்தை எண்ணெய்க்கு எடுப்பம் எண்டு ஒரு சுளகு நிறைய இலை ஆய்ஞ்சு கொண்டுவந்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில வைச்சனான். அவ ஒரு இலையை எடுத்து ரெண்டு விரலுக்கு இடையில வைச்சு மெல்லத் தேய்ச்சுப் பாத்தா. திருப்பியும் தேய்ச்சா. பிறகு இன்னொரு இலை. "பிள்ளை, இது வழுவழுப்பா இருக்கு. அது சொரசொரப்பா எல்லோ இருக்கும், ஆட்டு நாக்கு மாதிரி" எண்டா. இல்லை அம்மம்மா பூ மஞ்சள்தான், மட்டையிலயும் எழுதியிருந்தது எண்டு நான் சொல்ல, அவ இலையைத் திருப்பிச் சுளகில போட்டிட்டு "பூவை நான் காணேல்ல மோனை, இலை அது இல்லை" எண்டு மட்டும் சொன்னா.

அடுப்பு மூட்டின படி நிப்பாட்டினது. அந்தச் சுளகு இலையை அப்பிடியே ஒரு பேப்பரில கொட்டி வைச்சிட்டு போனில இருக்கிற செடி அடையாளம் காட்டுற ஆப் ஒண்டில படம் போட்டுப் பாத்தன். முதல் படத்துக்கு வெடேலியா எண்டு வந்தது, அது மஞ்சள் கரிசாலையின்ர பழைய பேர்தான், எனக்கு நிம்மதி. மற்ற கொடியை எடுத்துப் போட சிங்கப்பூர் டெய்சி எண்டு வந்தது. ஒரே பாத்தியில நிண்ட ஒரே செடி, ரெண்டு விதமாச் சொல்லுது. ரெண்டு படத்திலயும் பூதான் பெரிசாத் தெரிஞ்சது, இலை மங்கலா பின்னால நிண்டது.

கைதடியில சித்த மருத்துவம் படிச்ச எங்கட சித்தியின்ர மகள் ஒருத்தி இருக்கிறா, அவவுக்கு அண்டிரவே படத்தை அனுப்பினன். உடன வொய்ஸ் வந்தது, "அக்கா, பூவை விடுங்கோ. பூவில ஒண்டும் பிடிக்கேலாது. ஒரு கொடியை அடியில இருந்து நுனி வரைக்கும் வெட்டி வெள்ளைப் பேப்பரில நீட்டி வைச்சு, பக்கத்தில அடிமட்டத்தையும் வைச்சு எடுத்து அனுப்புங்கோ. அது மட்டும் ஒரு இலையும் வாயில வைக்கப்படாது."

விடிய எழும்பி அவ சொன்ன மாதிரிச் செய்தன். இந்த இடத்தை நான் கொஞ்சம் விரிவாவே எழுதுறன், என்னை மாதிரி ஏமாறப் போற ஆக்கள் கன பேர் இருப்பினம்.

பூவில ஏன் பிடிக்கேலாது எண்டால், இந்தக் குடும்பம் முழுக்க ஒரே மாதிரிக் கட்டுமானம். சூரியகாந்தி, செவ்வந்தி, சீனியாஸ், மூக்குத்திப் பூண்டு, எங்கட கையாந்தகரை எல்லாம் ஒரே சூரியகாந்திக் குடும்பம். நாங்கள் ஒரு பூ எண்டு நினைக்கிறது உண்மையில ஒரு கூட்டம், நடுவில நிக்கிற ஒவ்வொரு பொட்டும் ஒரு தனிக் குழல் பூ, சுத்தவர இதழ் மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கிறதும் ஒவ்வொண்டு ஒவ்வொரு பூ, ஒரு பக்கம் நாக்கு மாதிரி நீண்டது. ஒரு பூவை நடுவால பிளந்து ஊசியால கிளறிப் பாத்தால் தெரியும். எங்கட வளவிலயே இந்தக் குடும்பத்தில அஞ்சாறு நிக்குது. மஞ்சள் கரிசாலையும் இந்தச் சிங்கப்பூர் டெய்சியும் இன்னும் கிட்டடிச் சொந்தம், ரெண்டும் ஸ்ஃபக்னெட்டிகோலா எண்ட ஒரே பேரினம், கூடப்பிறந்ததுகள் எண்டே சொல்லலாம். விளிம்பில நிக்கிற நாக்குகளை எண்ணிப் பாத்தன், ஒண்டில 9, இன்னொண்டில 11, பிறகு உண்மையான செடியில எண்ணேக்கயும் கிட்டத்தட்ட அப்பிடித்தான் வந்தது.

இலையிலதான் முழுக் கதையும். எங்கட கிணத்தடிக் கொடியின்ர இலை 8 சென்ரிமீற்றர் நீளம், 4 அகலம், மினுங்கல், தொட்டால் கொஞ்சம் சதைப்பிடிப்பா இருக்கும், விளிம்பு பெரிய பெரிய பல்லு, முக்கியமா ரெண்டு பக்கமும் தோள் மாதிரி ஒவ்வொரு மடல் தள்ளிக்கொண்டு நிக்கும், நடுவில ஒரு மடல், ஆக மூண்டு. அதின்ர முழுப் பேரே ஸ்ஃபக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா, ட்ரைலோபாட்டா எண்டால் மூண்டு மடல் உள்ளது எண்டுதான் அர்த்தம். பேரிலயே அடையாளம் இருக்கு. மஞ்சள் கரிசாலை ஸ்ஃபக்னெட்டிகோலா கலெண்டுலேசியா, அதின்ர இலை ஒடுக்கம், ஈட்டி மாதிரி, 5, 6 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் ஒண்டரை அகலம், மடல் கிடையாது, விளிம்பில பல்லு இல்லாட்டி அங்கொண்டு இங்கொண்டு சின்னதா, மினுக்கம் இல்லை, ரெண்டு பக்கமும் கட்டையான வெள்ளை மயிர், அதுதான் அந்தச் சொரசொரப்பு.

இதில ஒரு பொறி இருக்கு. சிங்கப்பூர் டெய்சியில நிழலுக்குள்ள வாற இலை, நுனியில வாற குருத்து, சிலவேளை மடல் இல்லாமல் சாதாரண இலை மாதிரி வரும். அப்பிடி ஒரு இலையை மட்டும் பாத்தால் மாறிப்போகும், கண்டு விக்கிற ஆக்களும் பையில நிக்கிற சின்னக் கொடியைப் பாத்து அப்பிடித்தான் மாறினவையோ தெரியாது. அதாலதான் தங்கச்சி முழுக் கொடியையும் கேட்டிருக்கிறா. 20 இலை பாத்தால் அதில 15இல மடல் தெரியும்.

செடிகளுக்கு விஞ்ஞானப் பேர் வைச்ச லின்னேயஸ் எண்டவர் 1753இல பேர் வைக்கேக்க வெள்ளைக் கையாந்தகரையையும் மஞ்சளையும் ரெண்டையும் வெர்பெசினா எண்ட ஒரே பேரினத்துக்குள்ளதான் வைச்சவர், எங்கட ஆக்கள் ரெண்டையும் கையாந்தகரை எண்டது மாதிரியே. பிறகு வெள்ளை எக்லிப்டாவாகிப் போட்டுது, மஞ்சள் கன காலம் வெடேலியாவா இருந்து 1996இலதான் இப்ப இருக்கிற பேருக்கு மாறினது, அதே ஆண்டுதான் சிங்கப்பூர் டெய்சியும் அந்தப் பேரினத்துக்குள்ள வந்தது. பழைய மருத்துவப் புத்தகங்களில வெடேலியா எண்டு கிடந்தால் குழம்பாதேங்கோ. சிங்கப்பூர் எண்டு பேர் இருந்தாலும் அது அமெரிக்க வெப்ப நாடுகள், கரீபியன் தீவுப் பக்கத்துச் செடி, நிலத்தை மூடுறதுக்கு எண்டு அழகுக்குக் கொண்டுபோன நாடுகளில எல்லாம் பரவி, உலகத்தின்ர மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் எண்ட பட்டியலில நிக்குது. இதை வாசிச்ச உடன எனக்கு வயித்தைக் கலக்கினது, வாய்க்கால் முழுக்க அதுதானே கிடக்கு.

பிடுங்கின கதைக்கு வாறன்.

அது விதையால பெரிசாப் பரவிறதில்லை, கணுவாலதான். ஒவ்வொரு கணுவிலயும் வேர் போடும், ரெண்டு கணு உள்ள ஒரு துண்டு ஈரத்தில கிடந்தால் காணும், ஒரு கிழமையில அது ஒரு செடி. அப்ப மண்வெட்டியால கொத்தி எடுத்தால் கொத்தின துண்டெல்லாம் முளைக்கும், வாய்க்காலுக்குள்ள எறிஞ்சால் தண்ணி கொண்டுபோய் அடுத்த வளவில விடும். நல்ல காலம் ஆடி மாசம், சோழகக் காத்து அடிச்சுக்கொண்டிருந்த நேரம், மண் மேல காய்ஞ்சிருந்தது. முதல் நாள் பின்னேரம் அந்தத் துண்டுக்கு மட்டும் தண்ணி விட்டு மண்ணை இளக்கி, அடுத்த நாள் வெள்ளன கையால கொடியின்ர நுனியில இருந்து அடியை நோக்கி மெல்ல மெல்லக் கிளப்பிக்கொண்டு வந்தம், நானும் தம்பியும். முள்ளுக்கரண்டி ஒண்டாலதான் கணு வேரை நெம்பினது. மூண்டு விடியக்காலை எடுத்தது. 7 உரப்பை நிறைஞ்சது.

அதைக் குப்பைக் கிடங்கில போட ஏலாது, கிடங்கு ஈரம். பழைய தகரம் நாலை முத்தத்தில விரிச்சு, மண்ணில முட்டாமல் அதுக்கு மேல பரப்பி 12 நாள் காய விட்டம். அஞ்சாம் நாள் மேல் பக்கம் சருகாப் போட்டுது, ஆனால் அடியில கிடந்த தடிச்ச தண்டை நகத்தால கீறிப் பாத்தால் பச்சை. புரட்டிப் போட்டு, நொருங்கிற பதம் வந்த பிறகுதான் எரிச்சது. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு குட்டிக் கத்தியோட அந்த நிலத்தைச் சுத்தினன், முதல் கிழமை 23 முளை, அடுத்தது 11, பிறகு 4, பிறகு 4, பிறகு 1, ஆறாம் கிழமை ஒண்டும் இல்லை. மாரி தொடங்கின பிறகு மதில் ஓட்டைக்குள்ள இருந்து ஒண்டு எட்டிப் பாத்தது, அதையும் எடுத்தன். ஆராவது இதைச் செய்யிறதெண்டால் ஆனி ஆடியில செய்யுங்கோ, ஐப்பசிக்குப் பிறகு ஈர மண்ணில இறங்கினால் பிடுங்கிறதை விட நடுறதுதான் கூட நடக்கும்.

உண்மையான செடி ஆவணி கடைசியில வந்தது. தங்கச்சிக்குத் தெரிஞ்ச ஒரு வயசான பரியாரியார் (நாட்டு வைத்தியர்) தன்ர வீட்டில தொட்டிக்குள்ள வைச்சிருக்கிறார் எண்டு கேள்விப்பட்டு ரெண்டு பேரும் போனம். ஐயா கதவடியிலயே என்னை நிப்பாட்டி, "பிள்ளை முதல்ல கையைக் கழுவிப்போட்டு வந்து இலையைத் தொட்டுப் பாரும்" எண்டவர். தொட்டன். அம்மம்மா சொன்ன அதே ஆட்டு நாக்கு. அந்த நிமிசம் எனக்குக் கண் கலங்கினது, ஏனெண்டு தெரியேல்ல. அவர் அஞ்சு தண்டு வெட்டி, ஈரப் பேப்பரில சுத்தி, வாழைத்தடலுக்குள்ள வைச்சுக் கட்டித் தந்தவர். காசு வேண்டேல்ல, "பிடிச்சு வந்தால் கேக்கிற ஆக்களுக்குக் குடும்" எண்டு மட்டும் சொன்னவர்.

இந்த முறை நேரா நிலத்தில வைக்கேல்ல. யோகட் கப்புகளுக்கு அடியில பழுக்கக் காய்ச்சின கம்பியால மூண்டு ஓட்டை போட்டு, பாதி இருவாட்டி மண், கால்வாசி உக்கின மாட்டெரு, கால்வாசி தும்புத்தூள். நாலு கணு உள்ள துண்டா வெட்டி, கீழ ரெண்டு கணுவின்ர இலையை எடுத்துப்போட்டு அந்த ரெண்டையும் மண்ணுக்குள்ள, மேல் ரெண்டும் வெளியில. அஞ்சு தண்டில எட்டுத் துண்டு வந்தது. வேப்பமரத்து நிழலில வைச்சு காலமை பின்னேரம் கையால தெளிச்சன். ஒன்பதாம் நாள் ஒண்டை மெல்ல இழுத்துப் பாக்க விடேல்ல, வேர் பிடிச்சிட்டுது. எட்டில ஆறு தப்பினது.

ஆனால் மூண்டாம் கிழமை புது இலை எல்லாம் வெளிறத் தொடங்கினது. நரம்பு மட்டும் பச்சை, இடையில மஞ்சள். முதல்ல தண்ணி கூடிட்டுது எண்டு நினைச்சுக் குறைச்சன், அதால வாடினதுதான் மிச்சம். பிறகுதான் யோசிச்சன், பழைய இலை பச்சையா நிக்குது குருத்துதான் வெளிறுது, அப்ப இது இரும்புச் சத்துக் குறை. எங்கட செம்மண்ணுக்குக் கீழ முழுக்கச் சுண்ணக்கல்லு, கிணத்துத் தண்ணி அதுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதும் அந்தச் சுண்ணாம்புதான். அந்தத் தண்ணியை ஒரு சின்னக் கப்புக்குள்ள நாளுக்கு ரெண்டு தரம் ஊத்த மண் காரமாகிப் போகும், மண்ணில இரும்பு இருந்தாலும் செடியால எடுக்கேலாது. நிலத்தில எண்டால் பெரிசாத் தெரியாது, கப்புக்குள்ள கெதியாத் தெரியும். புரட்டாதிக் கடைசியில பெய்ஞ்ச முதல் மழையைத் தகரத்துப் பீலியில இருந்து ரெண்டு பீப்பாய் பிடிச்சு (முதல் அஞ்சு நிமிசத் தண்ணியை விட்டிட்டுப் பிடிக்கோணும், தகரத்தில ஊத்தை), அதை மட்டும் விட்டன், மேல ஒரு பிடி உக்கின இலைப்பசளையும் போட்டன். ரெண்டு கிழமையில வந்த புதுக் குருத்து நல்ல பச்சை. வெளிறின இலை திரும்பப் பச்சையாகேல்ல, அது பரவாயில்லை.

ஐப்பசி நடுவில ஆறையும் வாழைப் பாத்தி ஓரத்துக்கு மாத்தினன், ஒண்டுக்கொண்டு ஒரு முழ இடைவெளி. அடுத்த நாளே கோழி வந்து ரெண்டைக் கிளறி எறிஞ்சிட்டுது. ஒண்டைத் திருப்பி நட்டுக் காப்பாத்தினன், மற்றது போனது போனதுதான். அதுக்குப் பிறகு பழைய மீன் வலை ஒரு துண்டைத் தடியில இழுத்துக் கட்டினது, இப்பவும் அது நிக்குது.

2024 நவம்பர் கடைசியில பெங்கல் புயல் மழை வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 26, 27ந் திகதிகளில எங்கட வளவில முழங்கால் மட்டத்துக்குத் தண்ணி, வெங்காயம் அழுகிப் போட்டுது, மிளகாய்க் கண்டு முழுக்கச் செத்தது, அப்பா அதைப் பாத்துக்கொண்டு கன நேரம் விறாந்தையில கதைக்காமல் இருந்தவர். கையாந்தகரையும் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன், நாலு நாள் தண்ணிக்குள்ள. தண்ணி வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தால் அஞ்சும் உயிரோட, சேறு படிஞ்ச தண்டில ஒவ்வொரு கணுவிலயும் புது வெள்ளை வேர். ஈர நிலத்துச் செடி எண்டதை அப்பதான் கண்ணால கண்டன். இலையில படிஞ்ச சேத்தை மட்டும் தண்ணி தெளிச்சுக் கழுவிவிட்டன்.

தை மாசம் இன்னொரு சோலி. பாத்திக்குள்ள கரட் இலை மாதிரி வெட்டு வெட்டான இலையோட, நிலத்தோட படுத்தபடி வட்டமாச் சில முளை. பார்த்தீனியம். வெள்ளத்தோட வந்ததோ நான் வெளியில வேண்டிப் போட்ட எருவோட வந்ததோ எண்டு சொல்லேலாது. அதுவும் இதே சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் தோலில பட்டால் கடி, சிலருக்கு இழுப்பு வரும், பூக்க விட்டால் ஆயிரக்கணக்கில விதை கொட்டும். கையுறை போட்டு, பூ வர முதலே வேரோட எடுத்திட்டன். சின்னக் கண்டா இருக்கேக்க அது தெரியாமல் கீரையோட கீரையா ஆயப்படக் கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

முதல் பூ 2025 தைப்பொங்கலுக்கு ரெண்டு நாளைக்குப் பிறகு. ஒரு நீளமான மெல்லிய காம்பு, அதின்ர நுனியில தனிப் பூ, 2 சென்ரிமீற்றர் வரும். நான் பூவைப் பாத்து நம்பிற பழக்கத்தை விட்டிட்டன், அதால திருப்பியும் அடிமட்டத்தோட போய் பத்து இலை அளந்தன். நீளம் 4 தொடக்கம் 6, அகலம் ஒண்டும் ஒண்டரையைத் தாண்டேல்ல, ஒண்டிலயும் மடல் இல்லை. படம் எடுத்துத் தங்கச்சிக்கும் அனுப்பினன், பரியாரியாருக்கும் ஒரு தண்டு கொண்டுபோய்க் காட்டினன், ரெண்டு பேரும் ஓம் எண்ட பிறகுதான் ஒரு இலை ஆய்ஞ்சது. அம்மம்மாவுக்கும் குடுத்தன். அவ விரலுக்கு இடையில வைச்சுத் தேய்ச்சிட்டு ஒண்டும் சொல்லேல்ல, முந்தானையில முடிஞ்சு வைச்சா.

பங்குனிக்குப் பிறகு பராமரிப்பு வேற மாதிரி. இது வெயில் தாங்கும், காய்ச்சல் மண்ணைத் தாங்காது. சித்திரை வெயிலுக்கு மத்தியானத்தில இலை சுருளும், பின்னேரம் எழும்பும், எழும்பாட்டிக் கவனிக்கோணும். வாழைச் சருகையும் பூவரசங் குழையையும் நாலு விரல் தடிப்பில மூடாக்காப் போட்டன், அதுக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி காணும். நிலத்தில வைச்சதால கிணத்துத் தண்ணியே விடுறன், மாசத்துக்கு ஒருக்கா இலைப்பசளை போட்டால் குருத்து வெளிறேல்ல. வைகாசியில சோழகம் தொடங்க ஒரு பக்கத்து இலை எல்லாம் விளிம்பு கருகினது, அந்தப் பக்கம் கிடுகு ஒண்டைச் சாத்திக் கட்டினன். படர்ற வேகம் மற்றதின்ர கால்வாசி கூட இல்லை. அதை ஒரு அடையாளமாவே எடுக்கலாம், மூண்டு மாசத்தில மதில் ஏறினால் அது கையாந்தகரை இல்லை.

வெட்டேக்க நுனியில இருந்து ஒரு சாண் மட்டும் வெட்டி அடியில நாலு கணுவாவது விடுறன், வெட்டின இடத்துக்குக் கீழ ரெண்டு கிளை வரும். வறைக்கு வெள்ளைப் பூ கையாந்தகரையை விட இது கைப்புக் குறைவு. சின்னன் சின்னனா அரிஞ்சு, வெங்காயம் செத்தல்மிளகாய் தாளிச்சு, தேங்காய்ப்பூக் கொஞ்சம் கூடப் போட்டு, மூடாமல் வறுக்கோணும். முதல் தரம் நான் மூடிட்டன், இலை கறுத்துச் சாறு விட்டிட்டுது.

எண்ணெய் ஆனி மாசம் காய்ச்சினம், அம்மம்மா பக்கத்தில கதிரை போட்டு இருந்து சொல்லச் சொல்ல நான் செய்தது. இலையும் இளந்தண்டும் கழுவி நிழலில தண்ணி வடிய விட்டு, அம்மியில அரைச்சு, துணியில பிழிஞ்ச சாறு ஒரு ரம்ளர். நல்லெண்ணெய் ரெண்டு ரம்ளர். தடிச்ச அடி உள்ள தாச்சி, மெல்லிய நெருப்பு. சாத்தில இருக்கிற தண்ணி போகுமட்டும் சடசடவெண்டு வெடிக்கும், நுரைக்கும், அவசரப்படக் கூடாது, எனக்கு ஒண்டேகால் மணித்தியாலம் எடுத்தது. அகப்பையால அடியில இருக்கிற மண்டியைக் கொஞ்சம் எடுத்து ஆற வைச்சு விரலால உருட்டிப் பாக்கோணும், மெழுகு மாதிரித் திரண்டால் இன்னும் கொஞ்சம் நேரம், மணல் மாதிரி நறநறத்தால் இறக்கலாம். அம்மம்மா இதுக்கும் கண்ணைப் பாவிக்கேல்ல, சத்தம் குறைஞ்சதைக் கேட்டிட்டு "இப்ப எடுத்துப் பார்" எண்டா, நறநறத்தது. ஒரு திரியில தோய்ச்சுக் கொளுத்திப் பாத்தம், வெடிக்காமல் எரிஞ்சது, அப்ப தண்ணி இல்லை. ஆறின பிறகு துணியில வடிச்சு ஒரு பழைய கண்ணாடிப் போத்தலில விட்டது. பிளாஸ்ரிக்கில விடாதேங்கோ.

காமாலைக்கு, ஈரலுக்கு எண்டு இதைக் கேக்கிற ஆக்கள் இருக்கினம், சித்த வைத்தியத்தில அதுக்குப் பாவிக்கிறதும் உண்மைதான், ஆனால் அது வைத்தியர் பாத்து அளவு சொல்லிக் குடுக்கிற விசயம், நான் கீரையாயும் தலைக்கு எண்ணெயாயும் மட்டும்தான் பாவிக்கிறன்.

இப்ப பாத்தியில அஞ்சு தாய்ச்செடி, வேப்பமரத்தடியில 14 கப்புகளில புதுக் கண்டு. இதில மூண்டு பக்கத்து வீட்டு மாமிக்கு, முதல் வருசம் நான் குடுத்ததைப் பிடுங்கின இடத்திலயே வைக்கப் போறா. ஒவ்வொரு கப்பிலயும் பேரோட ஒரு காய்ஞ்ச இலையையும் ரேப்பால ஒட்டி விடுறன், கொண்டுபோற ஆக்கள் தொட்டுப் பாக்கட்டும் எண்டு. கோழி நேற்றும் வலையடியில வந்து நிண்டது.